புதுப்பிப்பு: சிஸ்டர் தோட்டத்துக் காட்டுமாடு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கொடைக்கானலில் எங்கள் பக்கத்து வீட்டு பெல்ஜியம் சிஸ்டரின் தோட்டத்துக்குத் தினமும் ஒரு காட்டுமாடு வருகிறது, எப்படித் தடுப்பது என்று. பட்டாசு, மிளகாய்ப் புகை, சோலார் வேலி என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். நன்றி.

எதையும் செய்யவில்லை. சிஸ்டர் விடவில்லை! "அது பாட்டுக்கு வருது, தின்னுட்டுப் போகுது. நான்தானே வெளியூர்க்காரி" என்கிறார். வந்து 40 வருடம் ஆகிறது. குழம்பில் காரம் எங்களைவிடக் கூடுதலாகவே போடுவார்.

நேற்று விடியற்காலையில் பால் வாங்கப் போனவன் வேலியோரம் அப்படியே நின்றுவிட்டேன். கன்னங்கரேல் என்று உடம்பு, கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள். முட்டைக்கோஸைப் பிடுங்காமல், மேல் இலையாகப் பார்த்துக் கடித்து இழுத்தது. மூக்கிலிருந்து ஆவி. வளர்ந்த கடா 1,000 கிலோ வரை இருக்குமாம். ஈர மண்ணில் காலடிச் சத்தமே இல்லை. ஜன்னலுக்கு உள்ளே சிஸ்டர் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம், மிஷனரிகள் எப்போது மலையேறினார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கீழே காலராவும் காய்ச்சலும் படுத்திய பாட்டில் ஓடி வந்தவர்கள். காட்டுமாடு அதற்கும் முன்பே இங்கே குடியிருந்தது.

கேரட்டை மட்டும் இனி எங்கள் கொல்லையில் போடச் சொல்லியிருக்கிறார் சிஸ்டர். சரி என்று விதை வாங்கி வந்துவிட்டேன்.