வீட்டில் பிழிந்த ஆப்பிள் சைடர் மூன்றாம் நாளே நுரைக்கிறது: சளிக்குக் கொடுக்கலாமா?

கார்முகில்:
மிக்சியில் அடித்து, துணியில் பிழிந்த ஆப்பிள் சாறு. காய்ச்சவில்லை. கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறேன். மூன்றாம் நாள் திறந்தால் ‘புஸ்’ என்று சத்தம், மேலே நுரை, லேசான புளிப்பு வாடை. வீட்டில் பெரியவர் ஒருவருக்கும் பத்து மாதக் குழந்தைக்கும் சளி. இதையே சூடாக்கி இஞ்சி, தேன் கலந்து கொடுக்கலாமா? புதிதாகத்தான் செய்ய வேண்டுமென்றால் சரியான அளவு என்ன? ஆப்பிள் சைடர் வினிகர் என்பதும் இதுவும் ஒன்றுதானா?

பழரசம்:
குழந்தை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவுகிற அளவுகூட. தேனில் போட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம்; பெரியவர்கள் குடலில் அவை முளைப்பதில்லை, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அடுப்பில் கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாகாது. அந்த வயதில் பழச்சாறும் தேவையில்லை. வழக்கமான பாலே போதும், கொஞ்சம் அடிக்கடி கொடுங்கள்.

அந்த பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். பழத்தோலில் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் ஆக்கத் தொடங்கிவிட்டது. சூடாக்கினால் ஆல்கஹால் முழுதும் போய்விடாது. இறுக்கி மூடிய கண்ணாடி அப்படியே கிடந்தால் வெடிக்கவும் செய்யும், அதனால் கழுவுதொட்டிக்குள் வைத்து மெதுவாகத் திறங்கள். ஃபிரிட்ஜிலேயே சூடு அதிகமான இடம் கதவுதான். சாறு உள் தட்டில், 4 டிகிரியில் இருக்க வேண்டும்.

புதிதாகப் பிழிய 2 கிலோ ஆப்பிள் எடுத்தால் சுமார் 1 லிட்டர் கிடைக்கும். இனிப்பும் புளிப்புமாகக் கலந்து எடுங்கள், இனிப்பு மட்டும் என்றால் சாறு சப்பென்று இருக்கும். அடிபட்ட இடத்தை வெட்டி எறியலாம். ஆனால் அழுகியதை முழுதாக ஒதுக்குங்கள். அழுகலில் வளரும் பூஞ்சை பட்டுலின் என்ற நஞ்சை விடுகிறது, காய்ச்சினாலும் அது போகாது. மரத்தடியில் விழுந்து கிடந்த பழமும் வேண்டாம். மண்ணிலும் விலங்குச் சாணத்திலும் இருக்கும் ஈகோலை கிருமி இந்தப் புளிப்பிலும் தாக்குப்பிடிக்கும்.

விதையை நீக்கித் துண்டு போட்டு, மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள். விழுது மாதிரி மசிந்துவிட்டால் துணியின் கண்கள் அடைத்துக்கொண்டு சாறே இறங்காது. ரவை பதம் சரி. 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச்சாறு விட்டால் கறுப்பது குறையும். துணியைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்துப் பிழியுங்கள். சாற்றை இரவு ஃபிரிட்ஜில் தெளியவைத்து, மண்டியைக் கலக்காமல் மேலாக வடியுங்கள்.

அப்புறம் காய்ச்சுவது. எவர்சில்வர் பாத்திரம் நல்லது, அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். வெப்பமானி இருந்தால் 72 டிகிரி வந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும். இல்லையென்றால் ஓரத்தில் சின்னக் குமிழ் கட்டும்வரை விடுங்கள். தளதளவென்று கொதித்தால் பச்சை வாசனை போய், வெந்த பழ வாசனை வந்துவிடும். சூட்டோடு ஊற்றுவதானால் பாட்டிலும் சூடாக இருக்கட்டும், குளிர்ந்த கண்ணாடி கீறல் விடும். ஆறியதும் ஃபிரிட்ஜ், ஒரு வாரம் தாங்கும். ஃபிரீசரில் வைத்தால் மேலே 3 செ.மீ. காலி விடுங்கள்.

இரவல்பேனா:
பிழிகிற வேலையே வேண்டாமென்றால் வேகவைத்தே எடுக்கலாம், சளிக்காரருக்கு எனக்குப் பிடித்த முறை இதுதான். ஒன்றரை கிலோ ஆப்பிளைத் தோலோடு நான்காக வெட்டி, 3 லிட்டர் தண்ணீர், பட்டை 2 துண்டு, தட்டிய இஞ்சி விரல் நீளம். அரைமூடி போட்டு 2 மணி நேரம் சிறுதீயில். பிறகு மத்தால் மசித்து இன்னும் அரை மணி.

கிராம்பு மட்டும் ஆறு போதும், அதையும் துணியில் முடிந்து போட்டு அரை மணியில் எடுத்துவிடுங்கள். விட்டால் கசந்து நாக்கு மரத்துப்போகும், பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறையாது. வடிக்கும்போது துணியை முறுக்காதீர்கள், சக்கை இறங்கிக் கூழாகிவிடும். ஆறினால் கொழகொழவென்று உறைந்த மாதிரி தெரியலாம். கெட்டுப்போகவில்லை, வெந்த பழத்தின் பெக்டின் அது. வெந்நீர் விட்டுக் கலக்கினால் சரியாகும். தேனைக் குடிக்கிற சூட்டுக்கு ஆறியபின் கோப்பையிலேயே கலக்குங்கள்.

மூக்குக்கண்ணாடி:
வினிகர் வேறு, சைடர் வேறு. சாறு முதலில் ஆல்கஹால் ஆகி, அந்த ஆல்கஹால் அசிட்டிக் அமிலம் ஆனால்தான் வினிகர். இரண்டாவதைச் செய்கிற பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், ஆகவே வாயகன்ற ஜாடியில் துணி கட்டித்தான் வைப்பார்கள். மேலே சமதளமாக வெள்ளை ஆடை படிந்தால் எடுத்துப் போட்டுவிட்டுத் தொடரலாம். பச்சையோ கறுப்போ பஞ்சுபோல் பூத்தால் ஜாடியோடு கொட்டுங்கள். வீட்டு வினிகரின் புளிப்பை அளக்காமல் ஊறுகாய்க்கு நம்ப வேண்டாம்.

வினிகர் சளியைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. கலக்காமல் குடித்தால் ஏற்கெனவே புண்ணான தொண்டை எரியும், பல்லின் எனாமல் கரையும். குடித்தே ஆகவேண்டுமென்றால் ஒரு தம்ளர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். என்னைக் கேட்டால் அதைச் சாலட்டில் ஊற்றுங்கள்.

சூடான சைடரும் சளியை விரட்டாது, அது வைரஸ். ஏழு முதல் பத்து நாளில் தானாகப் போகும். தொண்டைக்கு இதமும் உடம்புக்கு நீரும் கிடைக்கும், அதுவே பெரிய உதவி. தொண்டை வலிக்கு 240 மி.லி. வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கொப்பளிப்பது நன்றாகக் கேட்கும். இரவு இருமலுக்குத் தேன், ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அரை முதல் ஒரு தேக்கரண்டி. வைட்டமின் சி மாத்திரையைச் சளி பிடித்த பிறகு தொடங்கிப் பெரிய பலனில்லை.

கார்முகில்:
நன்றி. குழந்தைக்கு ஆவி பிடிக்கலாமா? மூக்கடைப்பில் பால் குடிக்கத் திணறுகிறது.

மூக்குக்கண்ணாடி:
வேண்டாம். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகிற குழந்தைகள் அதிகம், பலனோ குறைவு. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை, பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இரு நாசியிலும் விட்டு, ரப்பர் பல்பால் மெதுவாக உறிஞ்சி எடுங்கள். பெரியவர் மூக்கைக் கழுவுவதானால் ஒரு நிமிடம் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டுமே, குழாய்த் தண்ணீர் நேரடியாகக் கூடாது. குழந்தை மூச்சு வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், பால் பாதியாகக் குறைந்தால், காய்ச்சல் இருந்தால், கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பழரசம்:
பெரியவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் ஒன்று கவனிக்கவும்: பிழிந்த சாறு 240 மி.லி.யில் ஏறக்குறைய 24 கிராம் சர்க்கரை இருக்கிறது, தேன் அதற்கு மேல். கால் கோப்பைச் சாற்றுக்கு முக்கால் கோப்பை இஞ்சித் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, தேனை விட்டுவிடுங்கள்.