புதுப்பிப்பு: ஆஸ்டரிஸ்க்கை எடுத்துவிட்டு கமாலியோ போட்டேனா?

முன்பு கேட்டது இதுதான்: போன்கள் கூடக் கூட, இணையவழி தொலைபேசி அழைப்புகளைக் கையாளும் எங்கள் ஆஸ்டரிஸ்க் சர்வர் திணறுகிறது, அதை எடுத்துவிட்டு கமாலியோவுக்கு மாறலாமா?

மாறவில்லை. கேள்வியே தப்பு என்று இப்போது புரிகிறது. இரண்டையும் போட்டியாளர்கள் என்று நினைத்திருந்தேன். கமாலியோ ஒரு சிப் (SIP, இணைய அழைப்புகளைத் தொடங்கி முடிக்கும் நெறிமுறை) ப்ராக்ஸி, அதாவது இடையில் நிற்கும் சர்வர். அழைப்பு யாருக்கு, எந்த வழியில் என்று பார்த்து அனுப்பிவிடும். குரலைத் தொடுவதே இல்லை. அதன் வேகத்துக்குக் காரணமே இதுதான். வாய்ஸ்மெயில், காத்திருப்பு வரிசை, 'ஒன்றை அழுத்தவும்' மெனு எல்லாம் அதன் வேலை அல்ல. 1999-இல் தொடங்கிய ஆஸ்டரிஸ்க்கோ அலுவலக இணைப்பகமாகவே பிறந்தது. அழைப்பின் இரு முனைகளையும் தானே பிடித்துக்கொள்ளும்; வசதிகளும் அதனால்தான், சுமையும் அதனால்தான். ஒரு மென்பொருள் எதைச் செய்ய மறுக்கிறது என்பதை முதலில் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது முன்னால் கமாலியோ, பின்னால் இரண்டு ஆஸ்டரிஸ்க். போன்கள் கமாலியோவில் பதிவாகின்றன. முதல் இரண்டு நாள் ஒருபக்கக் குரல்தான் கேட்டது, வழக்கமான நாட் (NAT, ரவுட்டர் உள் முகவரிகளை மாற்றி அனுப்புவது) தொல்லை. குரலை இடையில் வாங்கிக் கடத்தும் ஆர்டிபி எஞ்சினைச் சேர்த்ததும் சரியானது.

அப்புறம், ஆஸ்டரிஸ்க்கில் சிப்பைக் கையாளும் பழைய பகுதியான சான்-சிப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். 2023-இல் வந்த ஆஸ்டரிஸ்க் 21-லேயே அது நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றாக வந்த பிஜே-சிப்புக்கு எல்லாவற்றையும் மாற்றி எழுதியதுதான் என் நேரத்தில் பாதியைத் தின்றது.

ஆஸ்டரிஸ்க் போன்ற இன்னொரு மென்பொருளான ஃப்ரீஸ்விட்ச்சைப் பரிந்துரைத்தவர்களுக்கு: பெரிய கான்ஃபரன்ஸ் தேவை வந்தால் பார்க்கிறேன், இப்போதைக்கு இல்லை.