லாங் பஜார் ஓவியர் மாஸ்டரை நேரில் பார்த்தவங்க எழுதுங்க

பெயிண்ட்கடைப் பையன்:

பேர் போடலை. போட வேணாம்னு அவங்க வீட்ல கேட்டுக்கிட்டாங்க. வேலூர்ல 80, 90கள்ல இருந்தவங்களுக்குப் பேரே தேவையில்லை, மாஸ்டர்னா அவர்தான். கடை போர்டு, சுவர் விளம்பரம், தியேட்டர் பேனர் எல்லாத்துலயும் கீழ் மூலையில சாய்வா ஒரு கையெழுத்து இருக்குமே, அவரேதான். பின்னாடி கதை எழுத வந்து ஒரு தொகுப்பு, ஒரு நாவல். படிச்சவங்க கொஞ்சம் பேர்தான், பார்த்தவங்க நிறையப் பேர் இருப்பீங்க.

என் விஷயம் சின்னது. எங்க நைனாவுக்கு லாங் பஜார்ல பெயிண்ட் கடை. மாஸ்டர் வாங்குறது எப்பவும் ஒரே பட்டியல்: எனாமல்ல கருப்பு, வெள்ளை, சிக்னல் ரெட், கோல்டன் எல்லோ, கூட ஒரு பாட்டில் டர்பன்டைன். கணக்கு நோட்டுல அவருக்குன்னு தனிப் பக்கம். ஒருநாள் சாயங்காலம் மூடி திறக்காத ரெண்டு டப்பாவைக் கொண்டாந்து கல்லாப்பெட்டி மேல வெச்சார். "இத்த எடுத்துக்கினு துட்டா குடு"ன்னார்.

"இன்னா மாஸ்டரே, வேலை இல்லியா?"

"வேலை கீது. கை வேற ஒண்ணு கேக்குது."

துட்டை வாங்கிக்கினு நேரா எதிர்ல இருந்த ஸ்டேஷனரி கடைக்குப் போனார். நான் இங்கிருந்தே பார்த்துக்கிட்டிருந்தேன். கோடு போடாத வெள்ளைத்தாள் கேட்டார். ஒரு தாளை உருவி, டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பார்த்தார். அப்புறம் கட்டை விரலால ஓரத்தைத் தடவினார். போர்டுக்குத் தகரம் எடுக்கும்போது துரு இருக்கான்னு அப்படித்தான் தடவுவார். அந்தத் தாள்லதான் முதல் கதையை எழுதினார்னு பிற்பாடு தெரிஞ்சுது.

ஐம்பதைத் தாண்டின ஆள். ஓடிக்கிட்டிருந்த தொழில். அன்னிக்கு அவர் முகத்துல துளி கவலை கிடையாது. அதுதான் எனக்கு இன்னமும் பிடிபடலை.

கோட்டைவெளி:

நான் அவர்கிட்ட அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு ஓவியம் படிச்சவன். லோயர், ஹையர் ரெண்டு கிரேடும். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் எல்லாம் வீட்டுத் திண்ணையில நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோட்டைக்குள்ள, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துல. இது 70களோட கடைசி.

இப்போ இருக்குற பிள்ளைகளுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. அப்போ அங்க சாமி கிடையாது. கருவறை காலி. மணிச் சத்தம் இல்லை, பூக்கடை இல்லை, வௌவால் நாத்தம்தான். தொல்லியல் துறை காவலர் ஒருத்தர் துண்டு விரிச்சுப் படுத்திருப்பார். 1981ல சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டாந்து வெச்ச பிறகுதான் மறுபடி விளக்கு எரிஞ்சுது.

அந்த மண்டபத்துல யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கிட்டு நிக்கிற சிற்பம் ஒண்ணு உண்டு. மாஸ்டர் உள்ளங்கையால ஒரு உடம்பை மூடினார். யானை. இந்தப் பக்கம் மூடினார். காளை. "கல்லுல ஒரே சமயத்துல ரெண்டும் தெரியுது. நீ காகிதத்துல கோடு போடும்போது ஒண்ணைத்தான் முதல்ல போட்டாவணும். எத்த போடுவ?"ன்னார். யாரும் வாய் திறக்கலை. அவரும் விடை சொல்லலை. எங்களை வரையவிட்டுட்டுப் போய் அந்தக் காலிக் கருவறை வாசல்ல நின்னுட்டார். வெயில் தூண் மாறி வந்தும் அவர் அங்கிருந்து நகரலை.

தொகுப்புல கோயில் காவலாளி கதை இருக்கே, படிச்சவங்களுக்குத் தெரியும். சாமி இல்லாத கருவறைகிட்ட தினமும் தன் வீட்டுக் குறையெல்லாம் சொல்லி அழறவன். லிங்கம் வந்ததும் ஊரே திருவிழாவா கொண்டாடுது, இவன் மட்டும் வரிசையில நின்னு அரை நிமிஷத்துல நகரணும். அந்தக் கதையை முதல்தடவை படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துது. பெயிண்ட்கடைத் தம்பி, அவர் ஐம்பது வயசுல திடீர்னு எழுத வரலை. அந்த வாசல்ல நின்னப்பவே வந்துட்டார். தாள் வாங்கினதுதான் பிற்பாடு.

பேனர்க்காரன்:

மேலே ரெண்டு பேர் எழுதினதும் அழகாத்தான் இருக்கு. "கை கேட்டுச்சு", "வாசல்ல வந்துட்டார்". நான் அவர்கிட்ட கலர் கலக்கின ஆள், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். 2000க்கு அப்புறம் ஃபிளெக்ஸ் வந்துச்சு, வேலை போச்சு. ஒரு மனுஷன் சோறு போட்ட தொழிலை இழந்ததைக் கனவு மாதிரி எழுதாதீங்க.

பேனர் வேலை எப்படின்னு தெரியாதவங்களுக்கு: காடாத்துணியைச் சட்டத்துல இழுத்து ஆணி அடிச்சு, வஜ்ஜிரப் பசை காய்ச்சி வெள்ளை கலந்து பூசி, காயவிடணும். ஸ்டில் போட்டோ மேல கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில பெருசாப் போட்டு, கரியால உருவம் இறக்கணும். அப்புறம்தான் கலர். கிட்ட நின்னா ஒண்ணும் தெரியாது, வெறும் ஆரஞ்சும் நீலமும் திட்டுத் திட்டா இருக்கும். அவ்வளவு பெரிய முகத்தைக் கை நீளத்துல நின்னு வரையணும்.

ஒரு தீபாவளி ரிலீஸ். நடு ராத்திரி தாண்டிப் போச்சு, மறுநாள் காலையில ஏத்தியாவணும். மாஸ்டர் சாரத்து மேல. என்னை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போகச் சொல்லி, "கண்ணு எங்க பாக்குது சொல்றா"ன்னு குரல் கொடுத்தார். "என்னைத்தான் பாக்குது மாஸ்டர்"னு கத்தினேன். நான் சந்தோஷமாத்தான் சொன்னேன். அவர் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து அந்தக் கருவிழியை அப்படியே துடைச்சு எடுத்துட்டார். "உன்னைப் பாக்கக் கூடாதுடா. உன்னைத் தாண்டிப் பாக்கணும். அப்பதான் அவன் எத்த பாக்குறான்னு நீ திரும்பிப் பாப்ப"ன்னார். விடியறதுக்குள்ள மறுபடி வரைஞ்சார். நான் நிஜமாவே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

அப்படிப்பட்ட ஆளை, கடைசியில ஒரு தியேட்டர்ல காட்சி நேரம் மட்டும் எழுதிக் கொடுக்கக் கூப்பிட்டாங்க. போய் எழுதிக் கொடுத்துட்டு வந்தார். அதுக்கப்புறம் எங்கயும் சாரம் கட்டலை.

பெயிண்ட்கடைப் பையன்:

பேனர்க்காரண்ணே, உங்க வருத்தம் நியாயம். ஆனா நைனாவோட பழைய கணக்கு நோட்டை இன்னிக்கு எடுத்துப் பார்த்தேன். டப்பா திருப்பின வரவு 1997 தை மாசத்துல இருக்கு. ஃபிளெக்ஸ் அப்போ நம்ம ஊர்ல இல்லை.

பேனர்க்காரன்:

இருக்கலாம். 97லயும் 98லயும் நான் அவரோட சாரத்துல நின்னிருக்கேன். பகல்ல வரைஞ்சு ராத்திரி எழுதியிருக்கணும். எழுதுறார்னு எங்களுக்குச் சொல்லவே இல்லை. அது இப்போதான் உறைக்குது.

குடியாத்தத்துப் பொண்ணு:

உங்க சண்டைக்கு நடுவுல என்னோடதையும் வெச்சிடறேன்.

எங்கம்மா பீடி சுத்துறவங்க. நாவல்ல வர்ற பீடிக்காரம்மா முழுக்க முழுக்க எங்கம்மான்னு சொல்ல வரலை. ஆனா ஒரு இடம் எங்கம்மாவோடது.

எங்க ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்னிக்கு, வைகாசி ஒண்ணாம் தேதி, கூட்டத்துல தெரிஞ்சவங்க மூலமா மாஸ்டர் எங்க வீட்டுக்கு வந்தார். அன்னிக்கு ஊர்ல எல்லாரும் அம்மன் தலையைப் பார்ப்பாங்க. அவர் சிரசைத் தோள்ல தூக்கினவங்ககிட்ட உட்கார்ந்து, தோள்ல எந்த இடத்துல பாரம் இறங்குது, மறுநாள் எங்க வலிக்கும்னு கேட்டுக்கிட்டிருந்தாராம். எங்க வீட்டுல மோர் குடிச்சிட்டு, பையிலிருந்து தாளை எடுத்து அம்மாவுக்கு ஒரு பக்கம் படிச்சுக் காட்டினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முறம் மடியில, சுத்திக்கிட்டேதான் கேட்டாங்க.

ஊறின இலையோட நிறம், தகடு வெச்சு வெட்டினப்புறம் விழுற துண்டு, தூள் படிஞ்ச முறத்து மேல ஜன்னல் வெளிச்சம், எல்லாம் எழுதியிருந்தார். கேட்டு முடிச்சுட்டு அம்மா சொன்னாங்க: "இலையெல்லாம் நல்லா எழுதிக்கிறீங்கண்ணா. அவ கை எப்போ நிக்கும்னு எழுதலியே."

"எப்போமா நிக்கும்?"

"நிக்காது. வீட்டுக்காரன் செத்தான்னு சேதி வந்தாலும், கையில கீறத சுருட்டி நூலு கட்டி வாய மூடிட்டுத்தான் எந்திரிப்பா."

அவர் தாளை மடிச்சு வெச்சுட்டார். ஒரு இலை கேட்டு வாங்கிச் சுத்திப் பார்த்தார், பிரிஞ்சு பிரிஞ்சு போச்சு. அப்புறம் அம்மாவோட வலது கட்டை விரல் நகத்தைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தார். பீடி வாயை மடிச்சு மடிச்சு அந்த நகம் ஒரு பக்கம் தேஞ்சு பள்ளமா இருக்கும். நான் தினமும் அந்தக் கையால சோறு வாங்கித் தின்னவ. அதுவரைக்கும் அந்த நகத்தைப் பார்த்ததில்லை.

நாவல்ல அந்த இடம் அப்படியே வந்திருக்கு. படிச்சுக் காட்டினேன். "இத்த நான்தான சொன்னேன்"னாங்க. முன்னுரையில யார் யாருக்கோ நன்றி இருக்கு, அம்மா பேர் இல்லை. இருந்திருக்கணும்னு எனக்கு இன்னிக்கும் தோணுது. அவர் மேல மரியாதை வெச்சுத்தான் சொல்றேன்.

பாலாத்தங்கரை:

நான் ஒரே தடவைதான் பார்த்தேன். ஆம்பூர் பக்கம் மலையாம்பட்டு, ஆர்மாமலைக் குகை. எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் இருக்கே, பெரும்பாலும் உதிர்ந்துபோனது, அங்கே. ஓவியர்னு சொன்னாங்க, ஆனா கையில நோட்டு இல்லை, பென்சில் இல்லை. கேட்டேன். "வரைய ஆரம்பிச்சா இல்லாததையும் சேத்துப் போட்டுடுவேன். இருக்கறத மட்டும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்"ன்னார். அவ்வளவுதான்.

ஆனா இங்கே ஒண்ணு ரெண்டு சொல்லணும். ஓவியர் கதை எழுதுறது என்னமோ தொழில் மாறுறது மாதிரி பேசுறீங்க. மெரினா உழைப்பாளர் சிலையைச் செஞ்ச தேவிபிரசாத் ராய் சௌத்ரி, 1929லிருந்து மெட்ராஸ் ஓவியப் பள்ளிக்குத் தலைமையா இருந்தவர், வங்காளத்துல கதைகள் எழுதினவர். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கும். ஃபிளெக்ஸா ஆசையாங்கிற விவாதமே வேண்டாம்.

அதைவிட முக்கியம், அவர் எழுதிய தாள்கள் இப்போ யார்கிட்ட இருக்கு? வீட்டாருக்கு யாராவது இதைச் சொல்லுங்க. முதல்ல ஸ்டேப்ளர் பின், குண்டூசி, ரப்பர் பேண்ட் எல்லாத்தையும் எடுத்துடணும், துரு தாளைத் தின்னும். லேமினேஷன் பண்ணவே கூடாது. பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கி ஒட்டாதீங்க, நம்ம ஊர் வெயிலுக்கு உள்ளேயே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பீரோவுக்குள்ள வெச்சாலும் சுவரை ஒட்டாம வைங்க. பென்சில் ஓவியங்களை மடிக்காம, நடுவுல வெள்ளைத்தாள் வெச்சு அடுக்கணும். துணியில வரைஞ்ச எண்ணெய் வண்ணம் இருந்தா, அகலமான குழாய்ல, வண்ணம் வெளிப்பக்கம் இருக்கிற மாதிரி சுருட்டணும். உள்பக்கம் வெச்சுச் சுருட்டினா வண்ணம் நெருங்கிச் சுருங்கும், பின்னாடி விரிக்கும்போது பாளம் பாளமா எழும்பும். ஈரத்துணியால துடைக்காதீங்க.

எல்லாத்தையும் ஸ்கேன் எடுங்க. பின்பக்கத்தையும் எடுங்க, அதுல கணக்கோ முகவரியோ கதைக் குறிப்போ இருக்கும். முடிஞ்சா சென்னை ரோஜா முத்தையா நூலகத்துல கேட்டுப் பாருங்க. கோட்டையூர்ல அந்தச் சேகரிப்பை உண்டாக்கின முத்தையாவே விளம்பரப் பலகை எழுதினவர்தான். போர்டு எழுதுற ஒருத்தர் சேர்த்த காகிதங்கள்தான் இன்னிக்கு ஆராய்ச்சிக்காரங்க வந்து புரட்டுற நூலகம். மாஸ்டரோட தாளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோணலை.

இதைப் படிக்கிற இளம் ஓவியர்கள் யாராவது எழுத நினைச்சா: நிறத்தைக் குறைச்சு எழுதுங்க. கண்ணுக்குப் பட்டதையெல்லாம் வரிசையா வெச்சா அது கதை ஆகாது. குடியாத்தத்தம்மா கேட்ட கேள்வியை உங்க ஒவ்வொரு பக்கத்துக்கும் கேளுங்க.

பேனர்க்காரன்:

சுருட்டி வைக்கச் சொல்றீங்க சார். எதைச் சுருட்டுறது? படம் மாறினதும் அந்தத் துணியை இறக்கி, அதுமேலயே வெள்ளை பூசி அடுத்த படத்தை வரைவோம். துணி விலை அப்படி. ஒரே துணியில எத்தனை முகம் அடுக்கடுக்கா போயிருக்கும்னு கணக்கே இல்லை. கடைசியில கிழிஞ்சதும் லாரிக்காரங்க தார்ப்பாய்க்கு அடியில விரிக்க வாங்கிட்டுப் போவாங்க. சுவர் விளம்பரம் அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும்தான், கட்சிக்காரங்க சுண்ணாம்பு அடிச்சு இடம் பிடிச்சுடுவாங்க. அவர் அத்தனை வருஷம் வரைஞ்சதுல என்கிட்ட இருக்கிறது ஒரு ஸ்டில் போட்டோ, கட்டம் போட்டது, அவ்வளவுதான்.

ஒருதடவை வெள்ளை பூசும்போது நான் கேட்டேன், "மாஸ்டர், கஷ்டமா இல்லியா?" "இத்த பூசலைன்னா நாளைக்கு எங்கடா வரையறது"ன்னார். அதே ஆள்தான் கதையை மட்டும் நகல் எடுத்து, ரெண்டு மூணு வீட்டுல கொடுத்து வெச்சிருந்தார்னு இப்போ கேள்விப்படறேன்.

கோட்டைவெளி:

ஆமா, ஒரு கட்டு எங்க வீட்டுல இருக்கு. பிரிக்காம வெச்சிருந்தேன். பின்னெல்லாம் எடுத்துட்டு, அவர் பொண்ணுகிட்ட கேட்டுக்கிட்டு ஸ்கேன் எடுக்கறேன். சிறுகதைத் தொகுப்பு ரெண்டு பிரதியும் இருக்கு, வேணுங்கிறவங்க வாங்கிப் படிச்சுட்டுத் திருப்பிக் கொடுங்க. முதல் பிரதி பேனர்க்காரருக்கு. குடியாத்தத்தம்மா பேர் விஷயத்தையும் மாஸ்டர் பொண்ணுகிட்ட சொல்றேன், நாவல் மறுபதிப்பு வந்தா சேர்க்கச் சொல்லிக் கேட்போம்.