ரோபோ புல்வெட்டி வருது: ஒயர் இழுக்கவா, சாட்டிலைட்டா, இல்ல மெஷினே வேண்டாமா?

பாளை_பாண்டி:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை பெருமாள்புரம் பக்கம் வீடு. முன்னால நாலு சென்ட், புறவாசல்ல மூணு சென்ட் புல்லு கெடக்கு. முன்பக்கம் கொரியன் கிராஸ், பின்னால பஃபலோ கிராஸுன்னு நர்சரியில வாங்கிப் போட்டது, இப்ப பாதிக்கு மேல கோரையும் அருகம்புல்லும்தான். அங்கன நாலு தென்னை, ஒரு வேம்பு வேற நிக்கி. மச்சான் ஜெர்மனியில இருந்து அடுத்த மாசம் வாராரு, ரோபோ புல்வெட்டி ஒண்ணு கொண்டு வாரேன்னு ஒரே பிடியா நிக்காரு. ரெண்டு வகை இருக்காம், தரையில சுத்தி ஒயர் பதிச்சு அதுக்குள்ளயே ஓடுறது ஒண்ணு, ஒயரே இல்லாம சாட்டிலைட்ட வச்சு ஓடுறது ஒண்ணு. எதைக் கொண்டு வரச் சொல்ல? நம்ம பக்கம் யாராச்சும் வச்சிருக்கியளா?

வல்லநாட்டான்:
ஏழு சென்ட் புல்லுக்கு ரோபோவா, கோட்டி பிடிச்சிருக்கா வே? பிரஷ் கட்டர் தூக்கிட்டு வார ஆளு காலைல வந்தாருன்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால வெட்டி, கூட்டி, குப்பையையும் அள்ளிப் போட்டுட்டு கூலிய வாங்கிட்டுப் போயிருவாரு. அந்த மெஷின் விலைக்கு இத்தனை வருசம் கூலி குடுக்கலாம்னு ஒரு கணக்குப் போட்டுப் பாத்திட்டு வாங்க. ரிப்பேருக்கு யாரு வருவா, ஜெர்மனியில இருந்து மச்சானா?

கல்லிடைக்காரன்:
அண்ணாச்சி நான் வச்சிருக்கேன், ஒயர் மாடல், கல்லிடைக்குறிச்சியில. மொதல்ல ஒண்ணு விளங்கிக்கிடுங்க, இது புல்லு வெட்டுற மெஷின் இல்ல, புல்ல வளர விடாத மெஷின். முழங்கால் உசர புல்ல இதுகிட்ட குடுத்தா திணறி நின்னுரும், அடியில வட்டத் தட்டுல மூணு சின்ன பிளேடுதான் இருக்கும், சவரப் பிளேடு கணக்கா லேசா தொங்கிட்டு கெடக்கும், அது தெனமும் ஓடி நுனியில ரெண்டு மூணு மில்லிமீட்டர நறுக்கி அங்கனயே போட்டுட்டுப் போவும், அந்தத் தூள் மக்கி புல்லுக்கே உரமாயிரும், அள்ளுற வேலையே இல்ல. அதனால மெஷின எறக்குறதுக்கு முன்னால ஒரு தடவ ஆள வச்சு நல்லா ஒட்ட வெட்டி, கல்லு கட்டி பொறுக்கி, குழிய மண்ணு போட்டு மட்டம் பண்ணிரணும். கொரியன் கிராஸ் வெட்டாம விட்டா மெத்தை மாதிரி மேடு மேடா பொங்கும்லா, அந்த மேட்டுல ஏறுச்சுன்னா அடிவயிறு தட்டி சக்கரம் காத்துல சுத்தும், என்ன விலை குடுத்து வாங்கினாலும் இதான் கதி.

வல்லநாட்டான்:
ஆக ரோபோ வாரதுக்கு முன்னாடியும் ஆளு வேணும். நான் சொன்னது சரியாப் போச்சு.

தென்காசி_மதினி:
வல்லநாட்டு அண்ணாச்சி, ஆளு வருவாரு வருவாருன்னு லேசா சொல்லுதிய. எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல, நானும் அத்தையும்தான் இங்கன. கார் நெல் நடவு, பிசான நெல் அறுப்புன்னு வந்திட்டா பிரஷ் கட்டர்காரர் போனே எடுக்க மாட்டாரு, நாளைக்கு வாரேன் மதினின்னு சொல்லி மூணு வாரம் இழுப்பாரு, அதுக்குள்ள சாரல்ல புல்லு இடுப்பு உசரம் ஏறி பாம்பு கெடந்தாக்கூட தெரியாது. ஆம்பளைய டீக்கடையில நின்னு ஆள் பிடிச்சிருவிய, நாங்க எங்க போய் நிக்க? ஆனா எனக்கும் இந்த மெஷின் மேல ஒரு பயம் உண்டு. பிள்ளைய வெறுங்காலோட ஓடுற முத்தம், பூனைக்குட்டி கெடக்கும், மழை நேரம் தவளை, அரணை எல்லாம் வரும். பிளேடு சுத்துற ஒண்ண தானா ஓட விட்டுட்டு அடுக்களையில நிம்மதியா நிக்க முடியுமா?

ஸ்டாக்ஹோம்_நெல்லையன்:
மதினி, பயம் நியாயம்தான். நான் இருக்கிற சுவீடன்ல 1995-லயே ஹஸ்க்வர்னா கம்பெனி சூரிய ஒளியில ஓடுற ஒண்ண விட்டாங்க, இப்ப இங்க தெருவுக்கு நாலு வீட்டுல ஓடுது. மெஷின தூக்கினாலோ சாய்ச்சாலோ பிளேடு உடனே நின்னுரும், அதுக்கு சென்சார் இருக்கு. ஆனா தரையோட கெடக்கிற சின்ன உயிருக்கு அது காவல் இல்ல. 2021-ல ஒரு ஆராய்ச்சியில 18 மாடல எடுத்து, ஏற்கனவே செத்துப்போன முள்ளெலிகள முன்னால போட்டு ஓட்டிப் பாத்தாங்க, மேல முட்டாம தானா கண்டுபிடிச்சு ஒதுங்கின மாடல் ஒண்ணுகூட இல்ல. முள்ளெலி ராத்திரிதான் மேயும், அதனால ஜெர்மனியில கொலோன் மாதிரி சில நகரங்கள்ல ராத்திரி நேரம் ரோபோ ஓட்டவே தடை. இப்ப கேமரா வச்ச மாடல் வருது, கொஞ்சம் பரவால்ல, அதையும் முழுசா நம்பிரக் கூடாது. பிள்ளைய வெளியில நின்னா மெஷின் ஓடக்கூடாது, இங்க எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்கோம்.

வல்லநாட்டான்:
முள்ளெலி நம்ம ஊர்லயும் உண்டு வே, திருநெல்வேலி தூத்துக்குடி பொட்டக்காட்டுல இன்னும் கெடக்கு, கக்குவான் இருமலுக்கு அதோட முள்ள உரசிக் குடுக்கிற ஆச்சிமாரு இருந்தாக. அதையும் பாதி கொன்னாச்சு, மிச்சத்துக்கு மெஷின் எறக்குதியளாக்கும்.

கல்லிடைக்காரன்:
பெருமாள்புரத்துல காம்பவுண்டுச் சுவருக்குள்ள முள்ளெலி எங்க அண்ணாச்சி வருது? ஆனா ராத்திரி ஓட்டாதீயன்னு சொன்னத நானும் கைதூக்கி ஆமோதிக்கேன். காலைல பனி காஞ்ச பொறவு ஒரு ஓட்டம், சாயந்தரம் நாலு மணிக்கு மேல ஒரு ஓட்டம், அவ்வளவுதான் நான் விடுதது. நட்டநடு மத்தியானம் விடாதீய, சித்திரை வைகாசியில பாளையில 40 டிகிரி தாண்டுது, அந்தச் சூட்டுல பேட்டரி சார்ஜ் ஏற மாட்டேன்னு நிக்கும், ஆயுசும் கொறையும். மெஷின் சார்ஜ் ஏற வந்து நிக்கிற பேஸுக்கு மேல ஒரு சின்ன ஷீட் போட்டு நிழல் பண்ணிருங்க. அப்பறம் பேஸ தாழ்ந்த எடத்துல வைக்கவே வைக்காதீய, 2023 டிசம்பர் மழைய மறந்திருக்க மாட்டிய.

பாளை_பாண்டி:
இதெல்லாம் சரி, ஒயரா சாட்டிலைட்டா? அதுக்கு யாரும் பதில் சொல்லல.

ஸ்டாக்ஹோம்_நெல்லையன்:
உங்க வீட்டுக்கு ஒயர்தான் தம்பி. சாட்டிலைட் மாடல்ல பெரும்பாலானதுக்கு ஒரு ஆண்டெனாக் கம்பத்த தோட்டத்துலயோ மொட்டை மாடியிலயோ நட்டு வைக்கணும், அந்த ஆண்டெனாவும் மெஷினும் ஒரே நேரத்துல ஒரே சாட்டிலைட்டுகள பாக்கணும், ரெண்டோட கணக்கையும் ஒப்பிட்டாத்தான் ரெண்டு மூணு சென்டிமீட்டர் துல்லியம் வரும், வெறும் போன் ஜிபிஎஸ் கணக்குல விட்டா மெஷின் பக்கத்து வீட்டு ரோஜாச் செடியில நிக்கும். ஒயர் இழுக்குற பாடு இல்லாம, எல்லைய ஆப்லயே மாத்திக்கிடலாம், நேர்கோடா வெட்டும், நல்ல சாமான்தான். ஆனா மேல வானம் தெறந்து கெடக்கணும். நீங்க சொல்லுத புறவாசல்ல தென்னையும் வேம்பும் கூடாரம் போட்டுருக்கும், ஒரு பக்கம் மாடிச் சுவரு, பாதி வானம் மறைஞ்சு போயிரும். அடிக்கடி சிக்னல் போச்சுன்னு நடுவுல நின்னு கத்தும்.

மேலப்பாளையம்_ஒயர்மேன்:
ஒயருக்கு ஓட்டுப் போடுறவங்க இதையும் கேட்டுக்கோங்க. பேஸ்ல ஆரம்பிச்சு தோட்டத்த சுத்தி பேஸ்லயே வந்து முடியுற வளையம் அது, அதுல ரொம்பக் கம்மி வோல்டேஜ்ல சிக்னல் ஓடும், ஷாக் அடிக்காது. ஆனா ஐப்பசி இடிக்கு அதான் வாசல். இடி நேரா விழணும்னு இல்ல, பக்கத்துல எங்கயோ விழுந்தாலே அம்புட்டு நீள ஒயர்ல வோல்டேஜ் தூண்டி பேஸ் போர்டு போயிரும். மேகம் கறுத்தா கரண்டு பிளக்க மட்டும் பிடுங்கினா பத்தாது, தரை ஒயரையும் பேஸ்ல இருந்து கழட்டி விடணும். ரெண்டாவது பெருச்சாளி. ஒயர மேலாப்ல விட்டா கடிச்சிரும், மம்பட்டி போட்டு நீங்களே வெட்டுறது வேற. அறுந்தா பதறாம ஒயர பாதி பாதியா பிரிச்சு மல்டிமீட்டர்ல தொடர்ச்சி இருக்கான்னு பாத்துட்டே வந்தா எந்தப் பாதியில அறுந்திருக்குன்னு சிக்கிரும். ஒட்டுறதுக்கு இன்சுலேஷன் டேப் சுத்தாதீங்க, தண்ணி எறங்கி செம்பு பச்சை பூத்துரும், உள்ள ஜெல் வச்ச கனெக்டர் பெட்டியிலயே வரும், கூட பத்து வாங்கி வைங்க.

வல்லநாட்டான்:
இடிக்கு கழட்டணும், வெயிலுக்கு நிழல் கட்டணும், பெருச்சாளிக்கு காவல் இருக்கணும், பிளேடு மாத்தணும், பிள்ளைய வந்தா நிப்பாட்டணும். இதுக்குப் பேரு தானா ஓடுறதாம். சரி அதக் கூட விடுங்க, நான் கேக்குறது வேற. பாளையில எதுக்கு வே அம்புட்டு புல்லு? பாபநாசம் அணை 143 அடின்னு பேரு, கோடையில அடி தெரியுற வருசமும் நாம பாத்ததுதான், கடைமடைக்காரன் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழ தண்ணி வரலன்னு கெடந்து அல்லாடுதான், இங்க கொரியன் புல்லுக்கு காலையும் சாயந்தரமும் ஹோஸ் பிடிக்கோம். ரோபோ வந்துட்டா இன்னும் கொஞ்சம் புல்லு போடுவோம்னுதான் மனசு போவும். முத்தத்துல நாலு மாமரம், முருங்கை, பவளமல்லி வச்சா நிழலாச்சும் கெடைக்கும்.

தென்காசி_மதினி:
தண்ணி விசயத்துல நீங்க சொல்லுதது எனக்கும் சரின்னுதான் படுது அண்ணாச்சி, ஆனா போட்ட புல்ல ஒரேயடியா பேத்து எறியச் சொன்னா எப்படி? புழுதி பறக்குத பொட்டல்ல பிள்ளைய விளையாட முடியுமா?

கல்லிடைக்காரன்:
தண்ணிக்கு ஒரு வார்த்த. புல்ல ஒட்ட மழிச்சாத்தான் வெயில்ல காஞ்சு நாம கூடத் தண்ணி விடுதோம். ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டக் கூடாதுன்னு தோட்டக்கலையில சொல்லுவாங்கல்லா, பிரஷ் கட்டர்காரர் மாசம் ஒருக்க வந்து ஒரேயடியா சிரைச்சிட்டுப் போனா அடித்தண்டு வெளுத்து மஞ்சளா கெடக்கும், அத பச்சையாக்க ஒரு வாரம் ஹோஸு. ரோபோவ நாலு சென்டிமீட்டர்ல வச்சா வேரு நிழல்ல இருக்கும். நான் தண்ணி விடுதத கொறைச்சிருக்கேன், புல்லு செத்துப் போவல. கரண்டும் பெருசா ஒண்ணும் இல்ல, மாசம் அஞ்சாறு யூனிட்டுக்குள்ளதான் எனக்கு ஆவுது.

வல்லநாட்டான்:
தென்னை மட்டை விழுந்தா?

கல்லிடைக்காரன்:
முட்டி நிக்கும், திரும்பும், திரும்பவும் முட்டும். குரும்பை, வேப்பங்கொட்டை, தென்னம்பாளை எல்லாம் அதுக்கு எமன்தான், மறுக்கல. அதனாலதான் பாண்டி அண்ணாச்சிக்குச் சொல்லுதேன், பின்னால மூணு சென்டையும் இதுல சேக்காதீய. அங்கன கோரை வேற, கோரைய நுனி வெட்டினா கெழங்கு சாவாது, எந்த மெஷின் ஓடினாலும் நாலாம் நாள் ஊசி மாதிரி எந்திரிச்சு நிக்கும்.

ஸ்டாக்ஹோம்_நெல்லையன்:
இன்னொண்ணு, மச்சான் பெட்டி கட்டும்போது கவனம். கழட்டி தனியா கொண்டு வார லித்தியம் பேட்டரி கைப்பையிலதான் வரணும், அடியில போடுற பெட்டியில போடக் கூடாது. பேட்டரி அளவு 100 வாட் அவருக்குள்ள இருந்தா தொந்தரவு இல்ல, 160 வரைக்கும் விமானக் கம்பெனிகிட்ட முன்கூட்டியே கேக்கணும், அதுக்கு மேல பயணிக்கு அனுமதி கெடையாது. பிளேடு நேர்மாறா, அது பெட்டியிலதான் போவணும். ஜெர்மனி சார்ஜர் நம்ம 230 வோல்ட்டுக்கே ஒத்துவரும், பிளக் முனை மட்டும் மாத்திக்கிடலாம். வாங்குறதுக்கு முன்னால ஆப்ல நாடு கேக்குற எடத்துல இந்தியா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. பின் நம்பர மொத நாளே மாத்திருங்க.

மேலப்பாளையம்_ஒயர்மேன்:
பின் நம்பர் இருந்தா திருடினவன் ஓட்ட முடியாது, வாஸ்தவம். அவன் எதுக்கு ஓட்டப்போறான், பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டுப் போவான். கேட்ட பூட்டுங்க.

பாளை_பாண்டி:
சரி, முடிவு பண்ணிட்டேன். ஒயர் மாடல், முன்பக்கம் நாலு சென்டுக்கு மட்டும். பின்னால கெடக்கிற புல்ல வல்லநாட்டு அண்ணாச்சி சொல்லுத மாதிரி கொத்தி எடுத்துட்டு முருங்கையும் ரெண்டு வாழையும் வைக்கலாம்னு வீட்டுலயும் சொல்லுதாங்க. ஒயர் எவ்வளவு வேணும், சுவத்துல இருந்து எவ்வளவு தள்ளி இழுக்கணும்?

வல்லநாட்டான்:
பாதி தேறிட்டீரு. அந்த மீதி நாலு சென்ட்டையும் யோசியும்.

கல்லிடைக்காரன்:
நாலு சென்ட்டுன்னா சுத்துக்கு அம்பது மீட்டர் பக்கம் வரும், நடுவுல பூப்பாத்தி இருந்தா கூட வேணும். சுவரு உசரமா இருக்கிற பக்கம் ஒரு முப்பது சென்டிமீட்டர் தள்ளி, தரைமட்டத்துக்கு டைல்ஸ் போட்ட நடைபாதைப் பக்கம் பத்து போதும், உங்க மெஷின் புத்தகத்துல போட்டுருக்கிற அளவுதான் கடைசி. பூப்பாத்திய சுத்திட்டுத் திரும்பும்போது போற ஒயரும் வார ஒயரும் ஒட்டியே கெடக்கணும், அப்பத்தான் ரெண்டு சிக்னலும் ஒண்ணையொண்ணு அழிச்சு மெஷின் அதத் தாண்டிப் போவும், ஒண்ணுக்கொண்ணு குறுக்க மட்டும் போட்டுராதீய. மூலையில சட்டுன்னு மடக்காம வளைச்சு விடுங்க. பேஸுக்கு முன்னால ரெண்டு மூணு மீட்டர் நேரா ஒயர் ஓடணும், இல்லன்னா வீட்டுக்குத் திரும்பி வார மெஷின் வாசல் தெரியாம கோணலா முட்டிட்டு நிக்கும். மொதல்ல ஆணியில தரைக்கு மேலயே அடிச்சு ஒரு வாரம் ஓட விட்டுப் பாத்துட்டு, எங்க மாட்டுதோ அங்க நகத்தி வச்சுட்டு, பொறவு ரெண்டு விரக்கடை ஆழத்துக்குக் கீறிப் பதிங்க. மச்சான் வந்ததும் சொல்லுங்க, சனிக்கிழமை வெள்ளனே நானே வாரேன். ரப்பர் சுத்தியல் ஒண்ணு வாங்கி வைங்க, இரும்புச் சுத்தியல்ல அடிச்சா அந்தப் பிளாஸ்டிக் ஆணி தலை தெறிச்சிரும். முந்தின நாள் சாயந்தரமே தரையை நல்லா நனைச்சு விட்டுருங்க, காஞ்ச செம்மண்ணுல ஆணி எறங்காது.