பதில்: எஸ்கேப்மென்ட் – ‘விட்டுப்பிடிப்பு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். கடிகாரப் பாகங்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் எஸ்கேப்மென்ட்டுக்கு, அதாவது சக்கரங்கள் ஒரேயடியாக ஓடிவிடாமல் ஒவ்வொரு பல்லாக விடும் அமைப்புக்கு, சொல் தேடுகிறோம். அதற்கு வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘தப்பிப்பு’ என்பதே நேரான சொல். வேண்டாமென்றால் ‘விடுவிப்பான்’.

‘தப்பிப்பு’ எனக்கு ஒட்டவில்லை. கடிகாரத்துக்குள் யார் யாரிடமிருந்து தப்புகிறார்கள்? ‘விடுவிப்பான்’ பரவாயில்லை, ஆனால் பாதி வேலையைத்தான் சொல்கிறது.

போன சனிக்கிழமை அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பெங்களூரு சிவாஜிநகரில் வழக்கமாகப் போகும் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் நம்மூர்க்காரர்தான். இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தையும், பல்லைப் பிடித்து விடும் சிறு பாகமான பேலட்டையும் கழற்றி வைத்துவிட்டு, சாவியை ரெண்டு திருகு திருகினார். சர்ரென்று சக்கரங்கள் ஓடி, சில நொடியில் நின்றுபோயின. “பாத்தீங்களா சார், பிடிக்க ஆள் இல்லேன்னா எல்லாத்தையும் கொட்டிரும்” என்றார். அப்புறம் பேலட்டை மட்டும் மாட்டி, மறுபடி கொஞ்சம் சாவி கொடுத்து, ட்வீசர் நுனியால் லேசாகத் தட்டினார். டக். சக்கரம் துளி நகர்ந்து நின்றது. இன்னொரு தட்டு, டக். “ஒரு பல்லை விடும், உடனே இன்னொண்ணைப் பிடிச்சுக்கும். விட்டு விட்டுப் பிடிக்கும், அவ்வளவுதான்.”

சொல் அங்கேயே கிடைத்துவிட்டது: விட்டுப்பிடிப்பு. பேலட் பிடித்து விடும் அந்தச் சக்கரத்துக்கு (எஸ்கேப் வீல்) 15 பல். பேலட்டில் இரண்டு கல் மாறி மாறிப் பிடிப்பதால் ஒரு சுற்றுக்கு 30 டக். ஜனதாவில் நொடிக்கு ஐந்து, மணிக்கு 18,000. இத்தனை முறை விட்டுப் பிடிப்பதைத் ‘தப்பிப்பு’ என்றால் எப்படி?

> ‘விட்டுப்பிடி’ ஏவல் போலத் தொனிக்கிறதே.

நியாயம்தான். அதனால்தான் ‘-ப்பு’ சேர்த்தேன். கண்டுபிடிப்பு என்கிறோமே, அதே வாய்பாடு. எஸ்கேப் வீல், விட்டுப்பிடிப்புச் சக்கரம். பேலட் ஃபோர்க்குக்குக் ‘கவை’ போதும்; கவைக்கொம்பைப் பார்த்தவர்களுக்கு வடிவம் சட்டென்று பிடிபடும்.

பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்குக்கு ஒருவர் ‘முடிவில்’ (முடி + வில்) என்று எழுதியிருந்தார். “முடிவில் பழுதாகிவிட்டது” என்றால் கடைசியில் என்ன பழுதானது என்று கேட்பார்கள்! ‘மயிர்’ என்று எழுதக் கூச்சம், புரிகிறது. ஆனால் மயிரிழையில் உயிர் தப்பினார் என்று நாளிதழிலேயே வருகிறது. ‘மயிரிழைச் சுருள்’ என் பரிந்துரை.

இதில் எனக்கு அவசரம் இருக்கிறது. ஜாலஹள்ளியில் 1961-இல் சிட்டிசனோடு சேர்ந்து தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-இல் முடிவானது. 2019-இல் அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. ஜனதாவைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களில் எனக்குப் பழக்கமான மூன்று பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் கைவேலையைத் தமிழில் பதிவுசெய்ய உட்கார்ந்தால், இரண்டாவது வரியிலேயே சொல் இல்லாமல் நிற்கிறேன்.

கடைக்காரரிடமே ‘விட்டுப்பிடிப்பு’ என்று சொல்லிக் காட்டினேன். சிரித்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா அவென்யூ ரோட்டுல போய்ப் பேலட்டுன்னு கேட்டாத்தான் சார் குடுப்பான்.” பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகும் அவருடைய அக்கா மகன் மட்டும் அந்தச் சொல்லைத் திரும்பக் கேட்டு, சர்வீஸ் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டான்.

ஆகவே பட்டியலில் பேலட், பேலன்ஸ் எல்லாம் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மாற்றுக்கருத்து இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். சாவி கொடுத்தால் இறுகும் மெயின் ஸ்பிரிங்குக்கு இன்னும் எதுவும் தோன்றவில்லை.