காட்டில் மாட்டிக்கொண்டபோது நாய் உதவிய அனுபவம் உண்டா?

வத்ராப்காரன்:
சதுரகிரி போகிறவர்களுக்கு அந்த மலை நாய்களைத் தெரிந்திருக்கும். தாணிப்பாறையில் நம்மோடு கிளம்பும், சுந்தர மகாலிங்கம் கோயில் வரை கூடவே வரும், அப்புறம் வேறொரு கூட்டத்தோடு இறங்கிவிடும். வழித்துணைக்கு வருகிற பைரவர் என்பார்கள்.

ஒரு அமாவாசைக்கு நானும் சித்தப்பாவும் போய்விட்டு மதியத்துக்கு மேல் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மேலே கொட்டினால் சங்கிலிப்பாறை ஓடையில் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பது அங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கால் வைத்துத் தாண்டுகிற கல் கண்ணெதிரே இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. 2015 மே வெள்ளத்தில் ஆட்களையே அடித்துக்கொண்டு போன மலை இது. இறங்கிப் பார்க்கலாமா என்று யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. இக்கரையில் நின்றது ஏழெட்டுப் பேர், கூடவே ஒரு செவலை நாய்.

இருட்டிய பிறகு தீயணைப்புத் துறையினர் கீழிருந்து கயிறோடு வந்தார்கள். நாங்கள் அவ்வப்போது தொண்டை கிழியக் கத்தியும் ஓடைச் சத்தத்தில் எதுவும் எடுபடவில்லை. மரங்களுக்கு நடுவே டார்ச் வெளிச்சம் தெரிவதற்கு ரொம்ப முன்பே நாய் எழுந்து நின்று குரைக்கத் தொடங்கிவிட்டது. விடவே இல்லை. முதலில் ஒருவர் கயிற்றோடு இக்கரைக்கு வந்து, எங்கள் இடுப்பில் முடிச்சுப் போட்டு ஒவ்வொருவராகக் கடத்திவிட்டார். "உங்க சத்தம் ஒண்ணுமே கேக்கலண்ணே, நாய் குரைச்சதை வச்சுத்தான் இந்தப் பக்கம் வந்தோம்" என்றார். நாயையும் தூக்கிக்கொள்ளப் பார்த்தோம். உறுமிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டது. சித்தப்பா பைரவர் என்கிறார். நான் காது என்கிறேன்.

மூணாறு மலர்:
எங்கள் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் என்கிற வரிசை வீடுகள் மண்ணோடு போய்விட்டன. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். போன் இல்லை. வழியில் பெரியவரை என்கிற இடத்தில் பாலமும் அடித்துப் போனதால் வெளியிலிருந்து ஆள் வந்து சேரவே விடிந்துவிட்டது. அங்கே குவி என்று ஒரு வீட்டு நாய். ஒரு வாரம் கழித்து அது ஆற்றோரமாகப் போய் நின்றுகொண்டு, தண்ணீரைப் பார்த்துக் குரைத்தது. தேடுகிறவர்கள் இறங்கிப் பார்த்தால், அந்த வீட்டுக் குழந்தையின் உடல். உயிரோடு மீட்கவில்லையே என்பீர்கள். மண்ணுக்கடியில் யார் கிடக்கிறார்கள் என்று தெரியாமல் நாள் கணக்கில் காத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனைகட்டி மணி:
எல்லாம் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டு லேப்ரடாரைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நாய் யானையைப் பார்த்தால் குரைக்கும், யானை விரட்டும், விரட்டினால் நாய் எங்கே ஓடும்? உங்களிடம்தான் ஓடி வரும். கரடியிடமும் இதே கதைதான். சிறுத்தைக்கோ நாய் என்றால் ஊருக்குள் வந்து தூக்குகிற அளவுக்குப் பிரியம். வத்ராப் நண்பர் சொல்கிற நாய் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தது, எந்தச் சத்தத்துக்குக் குரைப்பது, எதற்கு வாயை மூடிக்கொள்வது என்று அதற்குத் தெரியும். ஊர் நாய்க்குத் தெரியாது. உங்கள் சத்தம் வெளியே கேட்க வேண்டும், அவ்வளவுதானே? பத்து ரூபாய் விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

பேர்ண் ரவி:
நான் யாழ்ப்பாணம், இப்போது இருப்பது சுவிஸில். இங்கே பேர்ண் இயற்கை வரலாற்று நூதனசாலையில் பாரி என்கிற நாயைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். 2,469 மீட்டர் உயரத்தில் இருக்கிற பெரிய சென் பேர்னாட் கணவாயில், துறவிகளின் மடத்தில் வளர்ந்தது. நாற்பதுக்கு மேற்பட்டவர்களைப் பனியிலிருந்து காப்பாற்றியதாகச் சொல்வார்கள். கடைசியாகக் காப்பாற்றப் போன ஆளே ஓநாய் என்று நினைத்துக் குத்திவிட்டான் என்று ஒரு கதையும் உலவுகிறது, அது பொய். வயதான பிறகு பேர்ணுக்குக் கொண்டுவந்தார்கள், 1814இல் இங்கேதான் செத்தது. கழுத்தில் தொங்குகிற பிராந்திப் பீப்பாயும் ஓவியர்களின் கைவண்ணம்தான்.

துறவிகள் அந்த நாய்களை வைத்திருந்தது மோப்பத்துக்காகவும், பனிமூட்டத்தில் வழி கண்டுபிடிப்பதற்காகவும். இப்போதும் பனிச்சரிவு என்றால் நாய்தான் வேணும். புதைந்த ஆளுக்கு முதல் கால் மணி நேரம் போய்விட்டால் பிழைக்கிற வாய்ப்பு மளமளவென்று குறையும். ஆட்கள் வரிசையாக நின்று கம்பால் குத்திப் பார்க்கிற பரப்பை நாய் ஓடியோடி மணந்தே முடித்துவிடும். ஆனால் சென் பேர்னாட் இனத்தை இந்த வேலைக்கு இப்போது கொண்டுபோவதில்லை. அந்த உடம்பை ஹெலியில் ஏற்றுவது யார்? ஷெப்பர்ட், லேப்ரடார் மாதிரி பாரம் குறைந்த நாய்களுக்குத்தான் இப்போது அந்த வேலை.