சுருட்டை முடிக்கு 2000 ரூபாய்க்குள் ஹேர் டிரையர்: எதைப் பார்த்து வாங்குவது?

வேளச்சேரி_தோழி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அடர்த்தியான சுருட்டை முடி, தோளுக்குக் கொஞ்சம் கீழே வரும். வேளச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறேன். காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டு நேரம் வரை உள்முடி ஈரமாகவே இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம், சாயங்காலம் வரை காயாமல் ஒரு வாடை வேறு வந்துவிடுகிறது. அறைத்தோழியின் டிரையரைப் போட்டுப் பார்த்தேன். சீக்கிரம் காய்ந்தது, ஆனால் சுருள் எல்லாம் பிரிந்து தலை முழுக்கப் பறட்டையாக நின்றது.

2000 ரூபாய்க்குள் உருப்படியாக ஒன்று வாங்க வேண்டும். 1200 வாட் போதுமா, 2000 வாட் வேண்டுமா? அயானிக் (அயனிகளை விட்டுப் பறட்டையைக் குறைக்குமாம்), செராமிக் (சூடு சீராகப் பரவப் பீங்கான் பூச்சாம்) என்று அட்டையில் போட்டிருப்பதற்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கலாமா? டைசன் வாங்கச் சொல்லாதீர்கள், என் சம்பளத்துக்குக் கட்டாது.

சுருள்கூந்தல்:
வாட் கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் டிரையர் வாயில் மாட்டுகிற டிஃபியூசர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தோழியின் டிரையரில் தட்டையான மூக்கு மாட்டியிருந்திருக்கும், அது காற்றை ஒரே கோட்டில் வேகமாக அடிப்பதற்கு, முடியை நீட்டி நேராக்குகிறவர்களுக்கானது. முடி நனைந்தால் உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகும், காயக் காயத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதுதான் அடுத்த முறை நனைகிற வரைக்கும். வேகக்காற்றில் இழை இழையாகப் பறந்துகொண்டே காய்ந்தால் பறட்டைதான் மிஞ்சும். டிஃபியூசர் என்பது விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் அகலமான கிண்ணம், காற்றைப் பரப்பி மெதுவாக்கிவிடும். விரல்கள் நீளமாகவும் கிண்ணம் அகலமாகவும் இருக்கிறதா பாருங்கள். உங்களுக்கு அடர்த்தி அதிகம் என்பதால் குட்டைக் கிண்ணத்தில் பாதி முடி வெளியே தொங்கும்.

இரண்டாவது, சூட்டுக்கு ஒரு சுவிட்ச், வேகத்துக்கு ஒரு சுவிட்ச் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். விலை குறைந்த பல மாடல்களில் ஒரே சுவிட்ச்தான், 1 வைத்தால் இரண்டும் குறைவு, 2 வைத்தால் இரண்டும் அதிகம். நமக்கு வேண்டியதோ நடுத்தரச் சூடும் குறைந்த வேகமும், அது ஒற்றைச் சுவிட்சில் கிடைக்கவே கிடைக்காது. கூல் ஷாட் பட்டனும் (அழுத்தினால் குளிர்ந்த காற்று வரும்) இருந்தால் விடாதீர்கள்.

குளித்ததும் டர்க்கி டவலால் பரபரவென்று தேய்க்காதீர்கள், பழைய காட்டன் டி-ஷர்ட்டால் கீழிருந்து மேலாகப் பொத்திப் பொத்தி ஒற்றுங்கள். முடி இன்னும் ஈரமாக இருக்கும்போதே ஜெல் போட்டுக் கையால் கசக்கிவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கிண்ணத்துக்குள் முடி நுனியை உட்காரவைத்து அப்படியே மண்டைவரை கொண்டுபோங்கள். அரை நிமிஷம் அசைக்காமல் பிடித்துவிட்டு, டிரையரை நிறுத்தி, அடுத்த பகுதிக்குப் போங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் மாற்றினால் அங்கேயே சுருள் கலையும். முக்கால்வாசி காயும்வரை விரலால் கோதவே கூடாது. ஜெல் இறுகி முடி மொறுமொறு என்று நிற்கும், பயப்படாதீர்கள், முழுக்கக் காய்ந்தபிறகு கையால் மெதுவாகக் கசக்கினால் மெத்தென்று ஆகிவிடும்.

ஒயரிங்_மதுரை:
முடியைப் பற்றி எனக்குத் தெரியாது, கரன்ட் பற்றிச் சொல்கிறேன். ஹாஸ்டல் என்கிறீர்கள், கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பது சின்ன பிளக்கா பெரிய பிளக்கா என்று முதலில் பாருங்கள். சின்னது 6 ஆம்ப், 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 1380 வாட்தான் தாங்கும். 2000 வாட் டிரையர் கிட்டத்தட்ட 8.7 ஆம்ப் இழுக்கும். கன்வர்டர் வைத்தோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்தோ சின்ன பிளக்கில் சொருகி ஓட்டுகிறார்கள், முதலில் பிளக் சூடாகும், அப்புறம் பிளாஸ்டிக் கருகும். 2000 வாட்டுக்கு ஏசி, கீசர் மாட்டுகிற 16 ஆம்ப் பாயின்ட் வேண்டும். அது பாத்ரூமுக்குள் இருந்தால் அங்கே நின்று டிரையர் போடவே போடாதீர்கள் அம்மா, ஈரக் கை, ஈரத் தரை, நினைக்கவே பயமாக இருக்கிறது.

காவேரிக்கரை:
டிரையரே வேண்டாம் என்பது என் கட்சி. சூடு பட்டால் முடி கெடும். எங்கள் வீட்டில் இன்றைக்கும் துண்டில் சுற்றி, சிக்கு எடுத்து, சாம்பிராணி போட்டுக் காயவைப்பதுதான். முந்தின நாள் ராத்திரியே குளித்துவிட்டால் போச்சு.

திருச்சி_பார்லர்:
காவேரிக்கரை அக்கா, சாம்பிராணி வாசம் எனக்கும் பிடிக்கும், ஆனால் இவ்வளவு அடர்த்தியான முடியை ஈரத்தோடு வைத்துக்கொண்டு ராத்திரி படுத்தால் மண்டை காயாது, தலையணையில் உரசிக் காலையில் சிக்கு வேறு. தென்கொரியாவில் 2011-இல் வந்த ஓர் ஆய்வில் டிரையரை 15 செ.மீ. தள்ளி வைத்து ஆட்டிக்கொண்டே காட்டியபோது முடிக்குப் பட்ட சூடு 47 டிகிரிதான், 5 செ.மீ.க்குக் கொண்டுபோனால் 95 டிகிரி. நெருங்க நெருங்க முடியிழையின் மேலடுக்கில் சேதம் கூடியது உண்மை. ஆனால் தானாகக் காயவிட்ட முடியில், வெகுநேரம் ஈரத்திலேயே இருந்ததால், உள்ளே இருக்கும் பசை மாதிரியான படலம் பாதிக்கப்பட்டிருந்தது. அதனால் டிரையரைக் குறை சொல்ல வேண்டாம், கிட்டே வைத்து உச்சச் சூட்டில் காட்டுவதைத்தான் தவிர்க்க வேண்டும். டிஃபியூசரில் முடி பக்கத்திலேயே இருக்கும் என்பதால் நடுச்சூட்டுக்கு மேல் போகாதீர்கள்.

அயானிக் என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அதே விலையில் வந்தால் சரி. வேகா, ஆகாரோ கம்பெனிகள் இரண்டிலும் டிஃபியூசரோடு வருகிற மாடல்கள் உண்டு. அட்டைப்பெட்டிப் படத்தில் டிஃபியூசர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஒரே பெயரில் அது இல்லாமலும் விற்பார்கள். இன்னொன்று, நாம் எண்ணெய் வைக்கிற ஆட்கள், பின்பக்க வலையில் எண்ணெய்ப் பிசுக்கும் முடியும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். காற்று உள்ளே போகாமல் கருகல் வாசம் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் அவ்வப்போது தட்டிவிடுங்கள்.

வேளச்சேரி_தோழி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் போய்ப் பார்த்தேன், கண்ணாடிப் பக்கம் சின்ன பிளக்தான், பெரியது பாத்ரூமுக்குள் கீசருக்கு மட்டும். அப்போது 1200 வாட்டில் தனிச் சுவிட்ச் உள்ளதாகத் தேடுகிறேன். அதில் டிஃபியூசர் வராவிட்டால் தனியாக வாங்கி மாட்டலாமா?

சுருள்கூந்தல்:
மாட்டலாம். மடக்கக்கூடிய சிலிக்கோன் டிஃபியூசர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டிரையர் வாயின் வெளி விட்டத்தை ஸ்கேலால் அளந்துவைத்துக்கொண்டு, டிஃபியூசர் விற்கிற இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டபிறகு ஆர்டர் போடுங்கள். வாய் கூம்பாகச் சரிந்திருக்கும் டிரையரில் அது வழுக்கி விழும், நேர்க்குழாயாக இருந்தால் கெட்டியாகப் பிடிக்கும். ஓட்டை குறைவாக உள்ளதை வாங்காதீர்கள், காற்று வெளியேற வழியில்லாமல் டிரையர் சூடேறித் தானாக நின்றுவிடும். அப்படி நின்றால் பிளக்கைக் கழற்றி ஆறவிடுங்கள். 1200 வாட்டில் நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகும், முதலில் டி-ஷர்ட்டால் தண்ணீரை நன்றாக ஒற்றிவிட்டால் கிளம்புவதற்குள் மண்டைப் பக்கமாவது காய்ந்துவிடும், நுனி பஸ்ஸில் போகும்போது காயட்டும்.